நான்காம் பக்கத்து வரி

கணக்குத் துறையில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. முன்னால் 'சார்'. முதுகுக்குப் பின்னால் 'இருக்கு சார்'. மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் அது. ஒரு சமன்பாட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் தாடையைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு, "தீர்வு இருக்கு" என்பார். "என்ன தீர்வு சார்?" என்று கேட்டால், "அது தெரியாது. ஆனா இருக்கு." மூன்றாம் மாடி வராந்தாவில் இதை நடித்துக் காட்டாத மாணவன் கிடையாது. "கேன்டீன்ல டீ இருக்கா சார்?" என்பான் ஒருவன். "இருக்கு. எங்கன்னு மட்டும் கேக்காத" என்பான் இன்னொருவன், அவரைப் போலவே மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு.

அந்தத் துறையில் நான் பதினேழு வருஷம் உதவியாளராக இருந்தேன். காலையில் அறைகளைத் திறப்பது, பெருக்குவது, பத்தரைக்கும் மூன்றரைக்கும் டீ போடுவது, அச்சுப்பொறியில் வந்து விழும் தாள்களை அவரவர் மேஜைக்குக் கொண்டுபோய் வைப்பது. என்னை எல்லோரும் அக்கா என்பார்கள். சாருக்கு என்னைவிட ஏழு வயது கூட. அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"சார், நீங்க எனக்கு அண்ணன் முறை. நீங்களே அக்கா அக்கான்னா, கேக்கறவங்க என் வயசை என்னன்னு நினைப்பாங்க?"

"வயசால இல்லக்கா, பதவியால. இங்க துறைத் தலைவருக்கு அடுத்தது நீங்கதான்."

"அப்ப தலைவர் யாருக்கு அடுத்தது?"

"டீ நேரத்துலயா? உங்களுக்கு அடுத்தது."

இப்படி மெல்லச் சிரிக்க வைக்கிற மனிதர். யாரையும் அதட்டியதில்லை. எல்லாவற்றையும் இரண்டு தடவை, மூன்று தடவை சரிபார்ப்பார். அறையைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் படி இறங்க மாட்டார். அவர் வீட்டம்மா ஒருமுறை போனில் என்னிடம் சொன்னார்: "பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டு, அடுப்பை அணைச்சோமான்னு திரும்பி வருவார்மா. இத்தனைக்கும் அடுப்பைப் பத்த வச்சது நான், அணைச்சது நான்."

அவர் அறைக் கதவில் ஒரு பலகை உண்டு. 'நேரியலற்ற சார்பு வகைக்கெழுச் சமன்பாடுகள்.' வாரம் இரண்டு முறை அதைத் துடைத்துத் துடைத்து, இரண்டு வருஷத்தில் மூச்சு விடாமல் சொல்லப் பழகிக்கொண்டேன். அர்த்தம் மட்டும் தெரியாமல் இருந்தது. அதையும் அவரே சொன்னார், டீ அறையில் வைத்து.

எங்கள் டீ அறைக்கு வெந்நீர் கீழ்த்தளத்து பாய்லரிலிருந்து வர வேண்டும். குழாயைத் திறந்தால் உடனே வராது. பச்சைத் தண்ணீராகவே கொட்டும். நான் பொறுமை இல்லாமல் இன்னும் திருகுவேன். இன்னும் திருகுவேன். திடீரென்று கொதிக்கக் கொதிக்க வந்து கையைப் பொசுக்கும். சட்டென்று மூடுவேன். அப்புறம் ஐஸ் மாதிரி வரும். ஒருநாள் சார் வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இப்ப சுடுதே, இது இப்ப திருகினதுக்கு இல்ல. ஒரு நிமிஷம் முன்னாடி திருகினதுக்கு."

"அது தெரியாமலா சார் கையைச் சுட்டுக்கறேன்?"

"தெரிஞ்சும் சுட்டுக்கறீங்க பாருங்க, அதுதான் என் வேலை. இப்ப என்ன நடக்குதுங்கிறது, முன்னாடி என்ன பண்ணினோம்ங்கிறதைப் பொறுத்தது. அதைக் கணக்கா எழுதறோம்."

"அந்த 'நேரியலற்ற'?"

"குழம்புக்கு உப்பு ரெண்டு மடங்கு போட்டா ருசி ரெண்டு மடங்கு வருமா?"

"வாயில வைக்க முடியாது."

"அவ்வளவுதான்."

"சரி, தீர்வு என்னன்னே தெரியாம, இருக்குன்னு சொல்றதுல யாருக்கு என்ன லாபம் சார்?"

அவருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சாவியத் தொலைச்சுட்டுத் தேடறீங்க. வீட்டுக்குள்ளதான் இருக்குன்னு உறுதியாத் தெரிஞ்சா, விடாம தேடுவீங்க. வீட்டுக்குள்ளயே இல்லைன்னா? ஆயுசு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. தேடப் போறவங்களுக்கு நான் 'உள்ளதான் இருக்கு, தேடுங்க'ன்னு எழுதிக் கொடுக்கிறேன்."

எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. கண்ணால் காணாததை இருக்கிறது என்று தாளில் எழுதி நிரூபிக்கிற ஒரு மனிதருக்கு டீ போட்டுக் கொடுக்கிறேன் என்று என்னோடு பிரார்த்தனைக்கு வரும் பெண்களிடம் பெருமையடித்துக்கொண்டேன். "அப்படின்னா கடவுள் இருக்காருன்னும் எழுதித் தரச் சொல்லு" என்றாள் ஒருத்தி. அதையும் சாரிடம் சொன்னேன். "அதுக்கு என் பை பத்தாதுக்கா" என்றார்.

பை என்று அவர் சொன்னது ஒரு வழிமுறையை. தீர்வாக இருக்கக்கூடிய கோடுகளையெல்லாம் ஒரு பையில் போட வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து ஓர் இயந்திரத்தில் கொடுத்தால் அது வேறொரு கோட்டைத் திருப்பித் தரும். திரும்பி வருவது ஒவ்வொன்றும் அதே பைக்குள்ளேயே விழுந்தால், ஏதோ ஒரு கோடு உள்ளே போனபடியே மாறாமல் வெளியே வரும். அதுதான் தீர்வு. எந்தக் கோடு என்று காட்ட வேண்டியதில்லை, பை ஒழுகவில்லை என்று காட்டினால் போதும். இயந்திரத்தைப் பற்றி வேறு சில நிபந்தனைகளும் உண்டாம். அதெல்லாம் எனக்கு எட்டவில்லை. பை ஒழுகக் கூடாது என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் சார் இப்படி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். ஒரு பெரிய வகைச் சமன்பாடுகளுக்கு எல்லாக் காலத்துக்கும் தீர்வு இருக்கிறது என்று. அந்த ஒரு கட்டுரையால்தான் அவருக்கு இந்த வேலை கிடைத்தது. உலகத்தில் முப்பத்தோரு பேர் அதன்மேல் தங்கள் கட்டுரைகளைக் கட்டியிருக்கிறார்கள் என்று துறைத் தலைவர் கூட்டங்களில் சொல்வார். அதன் முதல் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாடிப்படித் திருப்பத்தில் மாட்டியும் வைத்திருந்தார்.

சார் மின்னஞ்சல்களைத் திரையில் படிக்க மாட்டார். அச்சிடக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார், நான் கொண்டுபோய் வைப்பேன். ஒருநாள் காலை டீயோடு ஒற்றைத் தாள் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்தார். அலமாரியிலிருந்து தன் பழைய கட்டுரையை எடுத்தார். பக்கங்களைப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார். டீயை வைத்துவிட்டு மற்ற அறைகளுக்கும் கொடுத்துவிட்டு காலிக் கோப்பையை எடுக்க வந்தபோது விரல் அதே இடத்தில் இருந்தது. டீ தொடாமல் ஆறிப்போயிருந்தது.

"உடம்புக்கு ஏதாவது பண்ணுதா சார்?"

"ஒரு வரிக்கா" என்றார். "நாலாம் பக்கத்துல. 'இது பைக்குள்ளேயே விழும் என்பதை எளிதில் காணலாம்'னு எழுதியிருக்கேன். எங்கேயோ தூரத்துல ஒருத்தர், முன்னப்பின்னத் தெரியாதவர், எழுதிக் கேக்கறார். 'எளிதில் காணலாம் என்கிறீர்கள், என்னால் காண முடியவில்லை, கொஞ்சம் உதவ முடியுமா'ன்னு. அவ்வளவு மரியாதையா."

"காட்டிட்டாப் போச்சு."

"காட்ட முடியலக்கா. அது விழாது."

கணக்குக்காரர்கள் அப்படி எழுதுவது வழக்கமாம். 'எளிதில் காணலாம்', 'தெளிவாகத் தெரிகிறது' என்று. எல்லோருக்கும் தெரிந்த படியை எழுதித் தாளை நிரப்ப வேண்டாம் என்பதற்காக. "அன்னிக்கு அது எனக்கு அவ்வளவு தெளிவா இருந்துச்சு. வெளியில வெயில் அடிக்குதான்னு யாராவது கணக்குப் போட்டுப் பார்ப்பாங்களா?" என்றார். எளிமையான சமன்பாடுகளில் அது உண்மையாம். அந்தப் பழக்கத்தில், உப்பு இரண்டு மடங்கானால் வாயில் வைக்க முடியாத சமன்பாட்டுக்கும் அதையே எழுதிவிட்டார். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற மனிதர் அந்த ஒரு வரியை ஒருமுறைகூட இழுத்துப் பார்க்கவில்லை.

"யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்க்கா. நானே சரி பண்ணிடறேன்."

"சரி சார்" என்றேன். அந்தத் தாளை மேஜையின் கீழ் இழுப்பறையில் வைத்தார். தூரத்துக்காரருக்குப் பதில் எழுதவில்லை.

சரி பண்ண அவர் முயன்றார் என்பதை நான் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் குப்பைக்கூடை நிறையத் தாள். ஆனால் பை ஒழுகிக்கொண்டேதான் இருந்தது.

அவரிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவரை நாங்கள் டீச்சரம்மா என்போம். பள்ளிக்கூடத்தில் பதினைந்து வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்துவிட்டு, நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவர். நாற்பது வயது. ஒன்பது வயதில் ஒரு மகள். மதியம் சாப்பிடும்போதுகூட இடதுகையால் ஏதாவது எழுதிக்கொண்டிருப்பார். அவருடைய ஆராய்ச்சி முழுவதும் சாரின் அந்தக் கட்டுரைமேல் நின்றது. சார் இருக்கிறது என்று சொன்ன தீர்வை, கம்ப்யூட்டரில் கோடாக வரைந்து காட்டுவதுதான் அவர் வேலை.

சார் கடிதம் படித்து மூன்று மாதம் ஆகியிருக்கும். டீச்சரம்மா ஒரு படத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு வந்தார். நான் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சார், ஒரு உதாரணத்துல மட்டும் கோடு மூணாவது நிமிஷத்துல கூரையைப் பிச்சுக்கிட்டு மேல போயிடுது. எல்லாக் காலத்துக்கும் இருக்கணும்ல? எங்கேயோ தப்பு பண்ணியிருக்கேன். எங்கன்னுதான் தெரியல."

சார் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"உங்க படிகளை இன்னொரு தடவை பாருங்க டீச்சர்" என்றார்.

அவர் போய்ப் பார்த்தார். மூன்று வாரம். மறுபடி வந்தார். "அளவைச் சின்னதாக்கிப் பாருங்க" என்றார் சார். இன்னொரு மாதம். மறுபடி வந்தார். "வேற முறையில வரைஞ்சு பாருங்க." இப்படி நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் நான் அந்த அறையிலோ வாசலிலோ டீத்தட்டோடு இருந்தேன். ஒவ்வொரு தடவையும் சார் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

சாரைக் குறை சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. என் பங்கு இனிமேல்தான் வருகிறது.

ஒரு மதியம் பெண்கள் கழிவறையைக் கழுவப் போனேன். டீச்சரம்மா கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகமெல்லாம் ஈரம். குழாய் மூடித்தான் இருந்தது.

"அக்கா, நான் மக்கா? உண்மையைச் சொல்லுங்க."

"ஐயோ, என்னம்மா பேச்சு இது?"

"பசங்களுக்குப் பதினஞ்சு வருஷம் சொல்லிக் கொடுத்தேன். ஒரு தப்பை எங்கன்னு கண்டுபிடிக்கத் தெரியல. ராத்திரி என் பொண்ணு கேக்கறா, 'அம்மா, நீ ஃபெயிலா?'ன்னு."

சொல்லியிருக்கலாம். நான்கு வார்த்தை போதும். 'தப்பு உங்க மேல இல்லம்மா.' வாய் வரைக்கும் வந்தது. சாருக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மை இல்லை. எனக்குப் பயம். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று என்னைக் கேட்டுவிட்டால்?

"கடவுள் வழி காட்டுவார்மா" என்றேன். தோளில் தட்டியும் கொடுத்தேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க சொன்னா ஒரு தெம்பா இருக்குக்கா" என்றார்.

அன்று மாலை பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன். வாய் திறக்கவில்லை. வழி என் கையிலேயே இருந்தது. அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, கடவுள் காட்டுவார் என்று அவர் தலையில் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். வயிற்றுப் பிழைப்புக்கு ஆயிரம் பேர் ஆயிரம் பொய் சொல்கிறார்கள். கடவுள் பேரைத் திரைச்சீலை ஆக்கி அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டவள் நான்.

இதற்குப் பிறகும் மாதங்கள் ஓடின. ஒரு வெள்ளிக்கிழமை டீச்சரம்மா ஓர் உறையைக் கொண்டுவந்து டீ அறையில் என்னிடம் கொடுத்தார்.

"தலைவர் திங்கக்கிழமைதான் வருவாராம். அவர் மேஜைல வச்சிடுங்கக்கா. மறக்காம."

"என்னம்மா இது?"

"விலகறேன்னு எழுதியிருக்கேன். லீவு இந்த மாசக் கடைசியோட முடியுது. பள்ளிக்கூடத்துக்கே போயிடறேன். எனக்கு இவ்வளவுதான் வரும்போல." சிரிக்கப் பார்த்தார். "நீங்க நல்ல டீ போட்டீங்க. அதுக்காகவாவது நாலு வருஷம் வந்தேன்னு வச்சுக்குவேன்."

உறையைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கெட்டில் கொதித்து அடங்கிவிட்டது. திங்கட்கிழமை அந்த உறை தலைவர் மேஜையில் இருந்தால் ஒரு பெண்மணி ஆயுள் முழுக்கத் தன்னை மக்கு என்று நம்பிக்கொண்டிருப்பார். தலைவர் அறைச் சாவி என் இடுப்பில் இருந்தது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. சார் அறைக்குப் போனேன்.

நான் நீட்டிய உறையைச் சார் வாங்கவில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"டீச்சர் போயிட்டாங்கன்னா..." என்று ஆரம்பித்தார். அப்படியே நின்றுவிட்டார்.

மீதி வாக்கியம் எனக்குத் தெரிந்தது. டீச்சரம்மா போய்விட்டால் அந்தக் கோட்டை வரைய வேறு ஆளில்லை. சாருக்கு ஓய்வு பெற ஒன்றரை வருஷம். அதற்குள் யாரும் நான்காம் பக்கத்தைப் புரட்ட மாட்டார்கள். அது அவர் முகத்தில் ஒரு நொடி நிம்மதியாக வந்து போனது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"அக்கா, நான் இப்ப என்ன நினைச்சேன்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"வாய் விட்டுச் சொல்லிடாதீங்க." இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அறுபதை நெருங்கிய மனிதர். அவர் காதுமடல்கள் சிவந்து போயிருந்தன.

"நான் பண்ணினதைச் சொல்றேன் சார்" என்றேன். "அந்தம்மா பாத்ரூம்ல நின்னு அழுதப்ப, கடவுள் வழி காட்டுவார்னு சொன்னேன். எனக்குத் தெரிஞ்சிருந்தும் சொன்னேன். நீங்க தாள்ல ஒரு வரி பார்க்காம எழுதினீங்க. நான் பார்த்துக்கிட்டே சொன்னேன். எது பெருசுன்னு எனக்குத் தெரியல. உங்களை மிரட்ட வரல சார். இந்த உறையை என்னால அங்க கொண்டுபோய் வைக்க முடியல. அவ்வளவுதான்."

சார் எழுந்தார். கண்ணாடியை மேஜையிலேயே விட்டுவிட்டு வெளியே நடந்தார். பூட்டவில்லை. கதவையே சாத்தவில்லை. வராந்தாவின் கடைசியில் ஆராய்ச்சி அறை. நான் பின்னாலேயே போனேன். வழியில் டீத்தட்டை ஏன் எடுத்துக்கொண்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வெறும் கையோடு அந்த வராந்தாவில் நடந்து எனக்குப் பழக்கமில்லை.

டீச்சரம்மா புத்தகங்களை ஒரு பையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், உங்க கணக்கு சரி" என்றார் சார்.

"எந்தக் கணக்கு சார்?"

"எல்லாம். அந்தக் கோடு மேல எகிறத்தான் செய்யும். நான் எழுதினதுதான் தப்பு."

டீச்சரம்மா பதறிப்போனார். "அப்படியெல்லாம் சொல்லாதீங்க சார். என்னைச் சமாதானப்படுத்தறதுக்காக நீங்க போய்... உங்க பேப்பர்ல தப்பிருக்காது. முப்பது பேர் படிச்சிருக்காங்க. எனக்குத்தான் எங்கேயோ இடறுது."

அதைவிட அவர் சாரை அறைந்திருக்கலாம்.

"நாலாம் பக்கம், மேலேருந்து ஏழாவது வரி. பைக்குள்ள விழும்னு சொன்னேன், விழாது. உங்க உதாரணமே அதுக்குச் சாட்சி."

டீச்சரம்மா பையிலிருந்து அந்தக் கட்டுரையை எடுத்தார். ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. நான்காம் பக்கத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சமாவதைப் பார்த்தேன். "ஆமா" என்றார். "ஆமா சார்! இதைத் தொடவே இல்லை நான். நீங்க எழுதினதாச்சேன்னு..." பிறகு சந்தோஷமாகவே கேட்டார்: "இப்பதான் கண்டுபிடிச்சீங்களா சார்?"

சார் தலையை ஆட்டியிருக்கலாம். ஒரே ஒரு தலையாட்டல். தன் தப்பைத் தானே கண்டுபிடித்து ஓடோடி வந்து சொன்ன பெரிய மனுஷர் என்று அவர் வாழ்நாள் முழுக்கப் பேர் இருந்திருக்கும். அந்தத் தலை கொஞ்சம் அசைந்தது என்றுகூட எனக்குத் தோன்றியது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இல்லம்மா. பதினாலு மாசமாத் தெரியும்."

டீச்சரம்மா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போன வருஷம் முதல் படத்தைக் கொண்டுவந்து காட்டினேனே, அப்ப?"

"தெரியும்."

"அளவைச் சின்னதாக்கச் சொன்னீங்களே?"

"தெரியும்."

"பதினோரு மாசம் சார். என்னை நானே என்னவெல்லாம் திட்டிக்கிட்டேன் தெரியுமா? என் பொண்ணு 'ஃபெயிலா'ன்னு கேட்டதுக்கு ஆமான்னுட்டேன்." குரல் உயரவே இல்லை. அவர் பார்வை என்மேல் வந்தது. "அக்கா, உங்களுக்கு?"

"கணக்கு தெரியாதும்மா. தப்புன்னு தெரியும்."

"நல்லா இருக்கு" என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் எழுத முடியாது. "டீ கொண்டுவர்றவங்களுக்குத் தெரியும். நாலு வருஷம் உக்காந்து படிச்சவளுக்குத் தெரியாது. ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய போங்க. தயவுசெஞ்சு."

வெளியே வந்தோம். வராந்தாச் சுவரோரம் இரண்டு பேரும் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகள்போல நின்றோம். அரைமணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. டீச்சரம்மா கையை நீட்டினார். "அந்த உறையைக் கொடுங்க." கொடுத்தேன். இரண்டாகக் கிழித்துத் தன் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார். "நான் போகப் போறதில்லை. இந்த உதாரணத்தை நான்தான் எழுதுவேன். உங்க பேர் அதுல சேர்ந்து வராது சார்."

"வரக் கூடாது" என்றார் சார்.

அடுத்த புதன்கிழமைக் கருத்தரங்கில் பதினோரு பேர் இருந்தார்கள். நான் வாசலில் நின்றிருந்தேன். சார் அந்த வரியைப் பலகையில் எழுதிவிட்டு, இது தவறு, டீச்சர் கண்டுபிடித்திருக்கிறார் என்றார். தலைவர் கையை வீசினார். "அதனால என்ன சார், ஒரு திருத்தம் போட்டுடலாம். யாருக்குத்தான் தப்பு வரல?"

"தப்பு பண்ணினதைச் சொல்ல வரல" என்றார் சார். "மறைச்சதைச் சொல்ல வந்தேன்." பதினாலு மாதத்தையும் சொன்னார். நான்கு தடவை டீச்சரைத் திருப்பி அனுப்பியதையும் சொன்னார். என் பேரைச் சொல்லவில்லை. யாரோ இருமினார்கள். சாக்பீஸை வைக்கப் போனவர் கை தவறி, அது கீழே விழுந்து உருண்டது. அவர் குனிந்து எடுக்கவும் இல்லை, நான் உள்ளே போய் எடுக்கவும் இல்லை.

தூரத்துக்காரருக்கு அன்றே பதில் எழுதினார். பத்திரிகையில் அரைப்பக்கத் திருத்தம் வந்தது. மாடிப்படிச் சட்டத்தை அவரே ஸ்க்ரூடிரைவர் கேட்டு வாங்கிக் கழற்றினார். பையன்கள் நாலே நாளில் பட்டப்பெயரை 'இல்லை சார்' என்று மாற்றிவிட்டார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. எதிரே வந்தவன் ஒருவன் நாக்கைக் கடித்துக்கொண்டபோது, "பரவாயில்ல, இது நிரூபிச்சது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஓய்வு பெறும்போது விழா வேண்டாம் என்றுவிட்டார்.

டீச்சரம்மா விடுப்பை நீட்டித்து, வேறொரு வழிகாட்டியின் கீழ் எழுதி முடித்தார். அந்தப் பெரிய வகைக்கு எல்லாக் காலத்துக்கும் தீர்வு கிடையாது, கொஞ்ச காலத்துக்குத்தான் உண்டு. உப்பின் வீரியத்துக்கு ஓர் எல்லை வைத்தால் எல்லாக் காலத்துக்கும் உண்டு. இதை முழுதாக, ஒரு வரி விடாமல் நிரூபித்தார். அத்தனை மாதமும் ஒரு பிளாஸ்க்கில் தன் டீயைத் தானே கொண்டுவந்தார். என்னிடம் வணக்கம் சொல்வார். அக்கா என்று சொல்வதில்லை.

வாய்மொழித் தேர்வன்று சார் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், "இந்தத் தவறு பத்தொன்பது, இருபது வருஷம் எப்படி யார் கண்ணிலும் படவில்லை?" என்று கேட்டார். டீச்சரம்மா ஒரு கணம் கடைசி வரிசையைப் பார்த்தார்.

"எளிதா இருக்குன்னு எழுதியிருந்தது சார். எளிதா இருக்கிறதை யாரும் திரும்பப் பார்க்கறதில்லை. நானும் பார்க்கல."

கைதட்டினார்கள். அவருடைய மகள் முன்வரிசையில் எழுந்து நின்றே தட்டினாள். சாரும் தட்டினார், சத்தம் வராமல்.

எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். டீச்சரம்மா மறந்துவிட்ட குடையை எடுக்கத் திரும்பி வந்தார். தனியாக அகப்பட்டது அன்றுதான். எதிரில் போய் நின்றேன். எத்தனையோ நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா."

அவர் குடையைக் கையில் பிடித்தபடி யோசித்தார். வாய் வார்த்தைக்குச் சொல்லிவிட்டுப் போகிறவர் இல்லை.

"சாரும் காலைல இதையே கேட்டார். மன்னிச்சுட்டேன்னு இப்ப சொன்னா அது பொய்யாயிடும் அக்கா. இன்னும் வரல. வராமலே போகலாம். வந்தா நானே வந்து சொல்றேன்."

"சரிம்மா" என்றேன்.

படி இறங்கிப் போய்விட்டார். அக்கா என்றாரே என்பது அப்புறம்தான் உறைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு எதையும் கட்டக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மிச்ச நாற்காலிகளை அடுக்கினேன்.